சவுக்குக் கிளையும் டிசம்பர்ச் சளியும்

இன்னும் ஒரு கிளை, அதற்குள் சுருண்டு கிடக்கும் குட்டிக் கிளைகள், ஒவ்வொன்றாக விரலால் நெம்பி வெளியே இழுத்து வளைத்துவிட வேண்டும், பெட்டிக்குள் எத்தனை மாதம் கைகால் மடக்கிப் படுத்திருந்ததோ இந்த பிளாஸ்டிக் மரம், எழுந்திரு என்றால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, நான் ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதற்குச் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கிறேன், அறுபத்து மூன்று வயதில் எனக்கே யாராவது முறித்துவிட்டால் தேவலை, ஃபேன்ஸி ஸ்டோர் பெண் சொல்லித்தான் அனுப்பினாள், நல்லா விரிச்சு விடணும் சார், இல்லேன்னா பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி இருக்கும் என்று, எனக்குச் சுருக்கென்றது, பாட்டில் கழுவுற பிரஷ் என் சொந்தச் சரக்கு, சபையில் யார் வீட்டில் பிளாஸ்டிக் மரம் வைத்தாலும் நான் போய் நின்று சொல்லிச் சிரிக்கவைக்கும் வசனம், வாலிபர் சங்கத்துக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தே சொல்லியிருக்கிறேன், இயேசு பாலகனுக்கு உயிருள்ள மரம் வையுங்கள், பிரஷ் வைக்காதீர்கள், எல்லோரும் கைதட்டினார்கள், என் மனைவி எப்சிபாவும் கைதட்டினாள், தட்டிவிட்டுத் தும்மினாள், அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா, புரியவில்லை, இப்போது மணி ஆறேகால், கோயிலில் குவயர் பாட்டுப் பயிற்சி முடிந்து ஏழு மணிக்கு வந்துவிடுவாள், அதற்குள் மரம் நிற்க வேண்டும், அதைவிட முக்கியம், அவளிடம் என்ன சொல்வது என்று நான் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

கல்யாணமான முதல் டிசம்பர், அவள் பக்கத்து ஊரான நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, கடற்கரைத் தோப்பில் என்னைப்போல் ஒன்றரை மடங்கு உயரத்தில் ஒரு சவுக்குக் கிளை வெட்டி வாங்கி சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறேன், கிளையின் நுனி தரையில் இழுபட்டு வழிநெடுகத் தெருவைப் பெருக்கிக்கொண்டே வருகிறது, நகராட்சி எனக்குச் சம்பளம் தராததுதான் பாக்கி, வாசலில் நின்றவள் ஐயோ எவ்வளவு பெருசு என்று சின்னப்பிள்ளை மாதிரி குதித்தாள், உடனே தும்மினாள், இரண்டு பேரும் சிரித்தோம், வாளியில் ஈர மணல் போட்டு நட்டோம், மெடிக்கல் ஷாப்பில் பஞ்சு வாங்கிப் பிய்த்து ஒட்டினோம், தூத்துக்குடியில் பனி அங்கேதான் கட்டுக் கட்டாகக் கிடைக்கும், உப்பளத்துப் பக்கம் போனால் மலையாகவே குவிந்து கிடக்கும், ஆனால் மரத்தில் ஒட்டாது, மூன்றாம் நாள் அவள் குரல் போய்விட்டது, குரல் என்றால் சும்மா குரலில்லை, அவள் பாட ஆரம்பித்தால் ஆர்மோனியம் வாசிக்கிறவர் வாசிப்பதை மறந்துவிட்டுக் கேட்பார், கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் தனிப்பாட்டு அவளுக்குத்தான் என்று குவயர் மாஸ்டர் தனசீலன் நவம்பரிலேயே சொல்லியிருந்தார், அந்த விடியற்காலையில் அவள் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது, அவளுக்குப் பதிலாகக் குவயரின் ஃப்ளாரன்ஸ் அக்கா எழுந்து பாடினார், மறு வருஷமும் ஃப்ளாரன்ஸ் அக்கா, அதற்கு மறு வருஷமும், ஒவ்வொரு நவம்பரும் தனசீலன், எப்சிபா, இந்த வருஷம் நீதாம்மா, என்பார், ஒவ்வொரு டிசம்பரும் நான் போய் கிளை வெட்டிக்கொண்டு வருவேன், சைக்கிள் போய் ஸ்கூட்டர் வந்தது, கிளை மட்டும் அதே கிளை, அதே தும்மல், அதே மிளகுக் கஷாயம், முப்பத்தோரு வருஷம்.

பதினோரு மாசக் குயில் என்று குவயரில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள், டிசம்பரில் மட்டும் காக்கா, அந்தப் பெயரை வைத்த மகான் யார் என்று கேட்கிறீர்களா, நான்தான், ஒரு சபை விருந்தில் பிரியாணிக்கும் தயிர்ப் பச்சடிக்கும் நடுவில் சொன்னேன், அவளும் சேர்ந்துதான் சிரித்தாள், ஆனால் அன்று சாயங்காலம் கஷாயத்தை ஆற்றிக்கொண்டே, இது சளி இல்ல, என்றாள், பின்னே என்ன, என்றேன், பூட்டு, ஆண்டவர் போட்ட பூட்டு, பள்ளிக்கூடத்துப் பாட்டுப் போட்டியில நான் முதல் பரிசு, சுகிர்தான்னு ஒருத்தி ரெண்டாம் பரிசு, அவகிட்டப் போய் உன் குரல் தகரத்துல ஆணி கீறுன மாதிரி இருக்குட்டின்னு சொன்னேன், அதுக்கப்புறம் அவ பாடவே இல்ல, ஆண்டவர் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாரு, என்றாள், நான் சிரித்தேன், ஆண்டவருக்கு வேற வேலை இல்லையா எப்சி, மூக்கடைப்பு டிப்பார்ட்மெண்டையும் அவரே பார்க்கிறாரா என்றேன், அவள் சிரிக்கவில்லை, ஒவ்வொரு டிசம்பரும் ஹால் கட்டிலோரம் முழங்கால் போட்டு சுகிர்தாவுக்காக மன்னிப்புக் கேட்கிறாள், முழங்காலுக்கு மூன்றடி தள்ளிப் பஞ்சு ஒட்டிக்கொண்டு சவுக்குக் கிளை சாட்சியாக நிற்கிறது, நான் அதில் பலூன் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் சென்னையில் மகள் ஷெரின் வீட்டில் கிறிஸ்துமஸ், அங்கே இதே மாதிரி ஒரு பிரஷ், எப்சிபா ஒரு தும்மல் போடவில்லை, அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டே அந்தத் தனிப்பாட்டு முழுவதையும் பாடினாள், எல்லாம் சென்னைக் காற்றின் விசேஷம் என்று நான் விளக்கம் கொடுத்தேன், சென்னைக் காற்றைச் சுத்தம் என்று புகழ்ந்தவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருக்கும், இன்று காலை வழக்கம்போல் கிளையை உள்ளே கொண்டுவந்து சாய்க்கிறேன், நான் வாளியில் மணல் போட்டு முடிப்பதற்குள் ஒன்பது தும்மல், போனில் ஷெரின், அப்பா, அம்மாவுக்கு இங்க சளியே பிடிக்கலையே, அங்க மட்டும் ஏம்ப்பா, என்கிறாள், நான் கிளையைப் பார்க்கிறேன், கிளை என்னைப் பார்க்கிறது, முப்பத்தோரு வருஷமும் மளமளவென்று தலையில் விழுகிறது, அவள் பயிற்சிக்குக் கிளம்பும்வரை நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, அவள் போனதும் கிளையை இழுத்துக் கொல்லையில் போட்டேன், ஹாலை இரண்டு தடவை துடைத்தேன், ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போனேன், சபையார் யாரும் பார்க்கிறார்களா என்று நான்கு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தேன், டாஸ்மாக்குக்குள் நுழைகிறவன்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டான்.

இப்போது கடைசி அடுக்கு, விரல் நுனியெல்லாம் கம்பி குத்திச் சிவந்திருக்கிறது, சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன, கிளை நல்லதாக் கிடைக்கல என்று ஒரு பொய், சளி வராது, பத்து நாளில் அவள் பாடுவாள், ஆண்டவர் பூட்டைத் திறந்துவிட்டார் என்று கண்ணீரோடு நம்புவாள், ஒரு மனுஷிக்கு இதைவிட நல்ல கிறிஸ்துமஸ் பரிசு உண்டா, கணவன் ஒரு மடையன் என்று தெரிவதைவிட ஆண்டவர் மன்னித்தார் என்று தெரிவது எவ்வளவு மேல், எனக்கும் மேல்தான், இப்படி நான் ஆண்டவருக்கும் எனக்கும் நடுவில் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட் சத்தம், செருப்பு சத்தம், உள்ளே வந்தவள் மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என்ன இது, பிரஷ் வாங்கிட்டு வந்திருக்கிய, சபைக்குத் தெரியுமா என்றாள், பையை வைத்துவிட்டு என் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள், ஒண்ணு சொல்லட்டுமா, காலைல அவ்வளவு தும்முனேன்ல, சாயங்காலம் பாத்தா தொண்டை நல்லாத்தான் இருக்கு, மேல்சுதிக்குக்கூட ஏறுச்சு, இந்தத் தடவை மன்னிச்சிட்டாருன்னு நெனைக்கேன், என்றாள், அவள் முகத்தைப் பார்த்தேன், ஐம்பத்தெட்டு வயது முகம், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளையின் முகம், சும்மா இருடா என்று உள்ளே ஒருத்தன் சொன்னான், முப்பத்தோரு வருஷமாக என் பழியை ஆண்டவர் வாய் திறக்காமல் சுமந்திருக்கிறாரே என்று இன்னொருத்தன் சொன்னான், எப்சி, பூட்டுப் போட்டது அவர் இல்ல, நான், என்றேன், சவுக்கு, ஒவ்வொரு வருஷமும் அந்தச் சவுக்குதான் உனக்கு ஒத்துக்கல, ஷெரின் வீட்டுல தும்மல் இல்ல பாத்தியா, சுகிர்தாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

அவள் என் கையிலிருந்த கிளையை வாங்கினாள், ஒரு குட்டிக் கிளையை இழுத்து வளைத்தாள், இன்னொன்றை வளைத்துக்கொண்டே, அப்போ அவருக்கு என் மேல கோவமே இல்லையா, என்றாள், இல்ல, ஒரு நாளும் இருந்திருக்காது, என்றேன், அப்போ நான் உங்க மேல கோவப்படலாம்லா, என்றாள், தாராளமா, என்றேன், அவள் எழுந்து நின்றாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், ஆரம்பித்தாள், முப்பத்தோரு வருஷம், மண்டைக்குள்ள என்னத்த வச்சிருந்திய, மணலா, எனக்குக் காக்கான்னு பேரு வேற, ஃப்ளாரன்ஸ் அக்கா பாடும்போது நான் எங்க பாத்துக்கிட்டு உட்காந்திருந்தேன்னு என்னைக்காவது பாத்தியளா, என்று ஏறிக்கொண்டே போகிறது குரல், ஒரு கரகரப்பு இல்லை, ஒரு பிசிறு இல்லை, டிசம்பர் மாதத்தில் அவள் முழுக் குரலில் என்னைத் திட்டிக் கேட்பது இதுதான் முதல் தடவை, எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிறது, திறக்கட்டும், நான் தலையைக் குனிந்துகொண்டு அவள் விட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு கிளையாக விரித்துக்கொண்டிருக்கிறேன், மேல்சுதியில் எங்கேயாவது உடைகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, உடையவில்லை, இன்னும் கொஞ்சம் மேலே போகிறாள், உடையவில்லை.