பத்துக்கு ஏழு

மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "பத்திரிகையில இருக்கா" என்று சொல்லிவிட்டு மாமியார் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள். பொய் இல்லை. இணையப் பத்திரிகைதான். ஆனால் அங்கே மருமகள் செய்வது வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்து, விமர்சனம் எழுதி, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது. இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்பதை மாமியாரால் இன்னும் நம்ப முடியவில்லை.

மார்க் போடுவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? ஓய்வு பெறும்வரை கணக்கு டீச்சர். விடை சரியாகவே இருந்தாலும், நடுவில் ஒரு படி விட்டுப்போயிருந்தால் கால் மார்க்கைப் பிடுங்கிக்கொள்வாள். பிள்ளைகள் வைத்த பெயரே கால் மார்க் டீச்சர். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு, சோபாவில் சாய்ந்துகொண்டு பொம்மைகளை ஓடவிட்டு மார்க் போடும் மருமகள். விதி என்று விட்டுவிட்டாள்.

ஒருநாள் அலுவலகப் படிக்கட்டை யாரோ துடைத்துவிட்டுப் போன ஈரத்தில் மருமகள் சறுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் முறிவு. முழங்கைவரை மாவுக்கட்டு. மகனோ வேலை நிமித்தம் சில மாதங்களுக்கு வெளியூர் போயிருந்தான். அந்த வாரம் பார்த்துத்தான், ஊரே எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒரு கேம் விமர்சனத்துக்கு வந்து சேர்ந்தது. கடைக்கு வருவதற்கு முன்பே விமர்சகர்களுக்கு அனுப்பிவிடுவார்களாம். மருமகள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் எடிட்டரின் குரல் சமையலறைவரை கேட்டது.

"நீ ரெஸ்ட் எடும்மா. வேற யார்கிட்டயாவது கொடுத்துக்கறேன்."

"கைதான் சார் உடைஞ்சிருக்கு. கண்ணு நல்லாத்தான் இருக்கு. நாளைக்குக் காலையில சொல்றேனே."

போனை வைத்துவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தோள் குலுங்கியது. விழுந்தபோதுகூட அழாதவள். மாமியாருக்கு அடுப்படியில் நிற்க முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வலது கை என்ன பண்ணணும்னு சொல்லு. நான் பண்றேன்."

"அத்தை, அது அவ்வளவு சுலபம் இல்ல."

"பெருக்கல் வாய்ப்பாடே தெரியாததுங்களை அல்ஜீப்ரா பாஸ் பண்ண வச்சிருக்கேன். நீ சொல்லு."

இருவருக்கும் நடுவில் ஒரு தலையணை, அதன்மேல் கேமை இயக்கும் கன்ட்ரோலர். இடது பக்கக் குச்சி நடப்பதற்கு, அது மருமகளின் கட்டைவிரலில். வலது பக்கக் குச்சியைத் திருப்பினால் திரையில் பார்வை திரும்பும், அது மாமியாருக்கு. குதிப்பதும் கூப்பிடுவதும்கூட அவள் பொறுப்புதான். கதை எளிமையானது. பார்வை போன ஒரு குதிரையை ஒரு பெண் மலைகளைத் தாண்டிக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறாள். கூப்பிடும் குரலை வைத்துத்தான் குதிரை வரும்.

தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பெண்ணும் குதிரையும் பாறையிலிருந்து விழுந்தார்கள்.

"பள்ளம் அத்தை, பள்ளம்! பாக்கக் கூடாதா?"

"நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீ ஏன் போற?"

மருமகள் சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு தலையணையில் இடித்து, வலியில் ஒரு முனகல், மறுபடியும் சிரிப்பு. அன்று மாலைக்குள் இரண்டு பேருக்கும் ஒரு தாளம் பிடிபட்டுவிட்டது. மாமியாரோ பொத்தானை அழுத்துவது போதாமல், "வா கண்ணு, இப்படி வா" என்று வாய்விட்டே குதிரையைக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். தானே எழுதுவதாக மருமகள் எடிட்டருக்குச் செய்தி அனுப்பிவிட்டாள்.

ஆனால் மாமியாரை ஆச்சரியப்படுத்தியது குதிரை அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். வேண்டுமென்றே பள்ளத்தில் விழுவாள், விழுந்தவர்களை ஆட்டம் எங்கிருந்து மறுபடி எழுப்பிவிடுகிறது என்று பார்க்க. சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டு, காது கேட்காதவர்களுக்கு வழி புரிகிறதா என்று பார்ப்பாள். "சோபாவோட அந்தக் கோடிக்குப் போய் இந்த எழுத்தைப் படிங்க அத்தை" என்பாள். திறந்த கதவுக்குள் போகாமல் மூடிய கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவாள். ஒருமுறை மலைமேல் மழை பிடித்துக்கொண்டபோது நடையை நிறுத்திவிட்டாள்.

"குதிரையோட பிடரி நனையுதா பாருங்க."

மாமியார் பார்வையைத் திருப்பினாள். முடி கொத்துக் கொத்தாக ஒட்டி, நுனியில் நீர் சொட்டியது.

"நனையுது."

"இந்தப் பிடரிக்காக யாரோ மாசக்கணக்கா உக்காந்திருப்பாங்க. ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டுப் போவோம்."

நின்று பார்த்தார்கள். விடைத்தாளை ஒருநாளும் இவ்வளவு மரியாதையோடு திருத்தியதில்லை என்று கால் மார்க் டீச்சருக்குத் தோன்றியது.

மலைகளுக்கு நடுவே நீளமாக ஒரு பள்ளத்தாக்கு வந்தது. சுள்ளி பொறுக்கி, தீ மூட்டி, குதிரையைக் குளிர்காய வைத்துவிட்டு நடக்க வேண்டும். மறுபடி சுள்ளி, மறுபடி தீ. கை தன்பாட்டுக்கு வேலை செய்ய, வாய் பேச்சுக்குப் போனது. மாமியார் முதல்நாள் வகுப்பில் பயத்தில் கரும்பலகைக்குப் பாடம் நடத்திவிட்டு வந்த கதையைச் சொன்னாள். மருமகள், இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து தன்னோடு சரியாக முகம் கொடுத்துப் பேசாத அப்பாவைப் பற்றிச் சொன்னாள். இந்த வீட்டுக்கு வந்த நாளாக அவள் வாயிலிருந்து வராத பேச்சு அது. ஊற்றி வைத்த டீ ஆறிப்போனது.

கடைசியில் கடல் வந்தது. அலைச் சத்தம் கேட்டதும் குருட்டுக் குதிரை காதை நிமிர்த்தியது. அதுவரை கூப்பிட்டால் மட்டும் வந்த குதிரை, தானாகவே முன்னால் நடந்தது. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருமகள் துடைக்கவும் மறந்து அழுதுகொண்டிருந்தாள்.

"பத்துக்குப் பத்து போடு" என்றாள் மாமியார்.

"யோசிக்கணும் அத்தை."

மறுநாள் காலையில் மாமியார் கூடத்துக்கு வந்தபோது, மருமகள் கன்ட்ரோலரை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒற்றை இடது கையால் இரண்டு குச்சிகளையும் மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டிருந்தாள். அதே பள்ளத்தாக்கு.

"அதான் முடிச்சாச்சே?"

"இது மட்டும் தனியா. கொஞ்ச நேரம் பேசாம இருங்க அத்தை, கோச்சுக்காதீங்க."

மாமியார் துவைத்த துணிகளை மடித்தபடி ஓரமாக உட்கார்ந்தாள். சுள்ளி, தீ, நடை. மறுபடி சுள்ளி. துணி மடித்து முடிந்தது, பள்ளத்தாக்கு முடியவில்லை. நேற்று இதே இடத்தில் நேரம் போனதே தெரியவில்லை. இன்று கொட்டாவி கொட்டாவியாக வந்தது. மருமகள் மட்டும் அசராமல், அந்தச் சலிப்பின் கடைசிச் சொட்டுவரை நடந்து முடித்தாள்.

"ஏழு" என்றாள்.

"ஏழா! அழுதியேடி!"

"அழுத இடத்துக்குப் பத்தே போடலாம். ஆனா இந்தப் பள்ளத்தாக்கு ஆட்டத்துல மூணுல ஒரு பங்கு. சும்மா இழுத்து விட்டிருக்காங்க. நமக்கு அது தெரியவே இல்ல, ஏன்னா நாம பேசிட்டிருந்தோம். அந்தச் சந்தோஷம் நம்மளோடது. அதுக்கு கேமுக்கு எப்படி மார்க் போடறது? காசு கொடுத்து வாங்கறவங்க வீட்ல எல்லாம் பக்கத்துல ஒரு அத்தை உக்காந்திருப்பாங்களா?"

மாமியார் திருத்திய கணக்குத் தாள்களில் விடை ஒன்றுதான். தப்பென்றால் தப்பு, அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இங்கே விடை என்று ஒன்றே இல்லை. தன்னை அழவைத்த ஒன்றை, தன் சந்தோஷத்தைத் தனியே பிரித்து வைத்துவிட்டு எடை போடுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அது தன்னிடம் இருந்திருக்குமா என்று அவளுக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

மருமகள் சொல்லச் சொல்ல மாமியார் ஒற்றை விரலால் தட்டச்சு செய்தாள். கை உடைந்ததையும், மாமியாரோடு சேர்ந்து விளையாடியதையும் முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டாள். பிடரியைப் பற்றி நான்கு வரி, பள்ளத்தாக்கைப் பற்றி நறுக்கென்று இரண்டு பத்தி.

"கடல் வர்ற இடத்துல 'அற்புதமான'னு ஒண்ணு சேத்துக்கட்டுமா?"

"குதிரை தானா நடந்துதுன்னு எழுதிட்டோமே. அதுக்கு மேல எதுக்கு?"

எடிட்டர் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "எல்லாரும் ஒன்பது ஒன்பதரைன்னு போகப் போறாங்க. நாம ஏழுன்னா சனங்க கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க. நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

"காரணம் எல்லாம் தெளிவா இருக்கு. போட்டுடறேன்."

கிழித்துத் தோரணம்தான் கட்டினார்கள். 'கையோடு மூளையும் உடைஞ்சுபோச்சா', 'மாமியாருக்கு மார்க் போட்டியா, கேமுக்குப் போட்டியா' என்று கீழே கருத்துகள் குவிந்தன. மாமியாருக்கு ரத்தம் கொதித்தது. பேர் பேராகப் பதில் எழுதக் கிளம்பியவளை மருமகள்தான் தடுத்தாள். கேம் கடைக்கு வந்த சில நாளில், அந்தக் குப்பைக்குள் ஒன்று மட்டும் மாமியார் கண்ணில் பட்டது: 'நான் தனியாக இருப்பவள். அந்தப் பள்ளத்தாக்கில் மேற்கொண்டு போகப் பிடிக்காமல் விட்டுவிட்டேன். உலகமே புகழ்கிறதே, எனக்குத்தான் ரசனை இல்லையோ என்று நினைத்திருந்தேன்.'

மாமியார் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். பெருமைப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். மருமகளோ எழுந்து உட்கார்ந்தாள். "எந்த இடத்துல விட்டாங்களாம்? கடலுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கு, போங்கன்னு சொல்லணுமே!" என்று இடது கையால் பதில் தட்டத் தொடங்கினாள்.

கட்டுப் பிரித்தபின் மருமகள் வேறு கேம்களுக்குப் போய்விட்டாள். மாமியார் போகவில்லை. வீட்டில் ஆள் இல்லாத மத்தியானங்களில், நடப்பதும் பார்ப்பதும் ஒருசேர வராமல், பாறையில் முட்டி, பள்ளத்தில் விழுந்து, அந்தக் குதிரையைத் தன்னந்தனியாக ஓட்டிக்கொண்டு போனாள். பள்ளத்தாக்கையும் ஒரு சுள்ளி விடாமல் கடந்தாள். மகன் ஊர் திரும்பிய அன்று, சாப்பாட்டு மேசையில் அறிவித்தாள்.

"நான் முழுசா முடிச்சுட்டேன். என் மார்க் எட்டு."

மருமகள் தட்டை நகர்த்தி வைத்தாள். "ஏன் எட்டு? காரணம் சொல்லணும் அத்தை."

"சொல்றேன். நல்லா உக்காரு."

"அம்மா, முதல்ல சோறு" என்றான் மகன்.

"கரண்டி அங்கதான் இருக்கு, போட்டுக்கோ" என்றாள் மாமியார், மருமகள் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டே.