மரியாதையான நோய்

1.
இது ஒட்டுக்கேட்ட கதை. கைநடுக்கத்தைக் காட்ட நரம்பு மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருந்தேன். பக்கத்து நாற்காலிப் பெண் செவிலியிடம் சொன்னாள்:

"வீட்டுக்காரர் இப்பல்லாம் என்கிட்ட ரொம்ப மரியாதையாப் பேசுறாரும்மா."

"கொடுத்து வச்சவங்க நீங்க!"

செவிலி மட்டும்தான் சிரித்தாள்.

2.
முதல் தொடக்கம்: 'தலையில் அடிபட்ட சிலருக்கு நெருங்கியவரின் முகம் தெரியும்; அவர்தான் இவர் என்ற உணர்வு மட்டும் வராது...'

அடித்துவிட்டேன். இது மருத்துவர் எழுத வேண்டிய கட்டுரை. எனக்குக் குரல் கேட்டால்தான் கதை நகரும்.

3.
"வாங்க, உட்காருங்க. என் சம்சாரம் வெளிய போயிருக்கா."

"நான்தாங்க அது."

"அச்சு அசல் அவளாட்டம்தான் இருக்கீங்க. அதுக்காக? அவ கண்ணாடியை வேற மாட்டியிருக்கீங்க. பார்த்தான்னா வீடு ரெண்டாயிடும்."

(அவரை முதலில் முரடராக எழுதினேன். சரிப்படவில்லை. முரடரிடம் சண்டையாவது போடலாம். "வாங்க" என்பவரிடம் என்ன செய்வாள்?)

4.
முகம்தான் குழப்புகிறது, குரலை மட்டும் அனுப்பிப் பாருங்கள் என்றார் மருத்துவர். அவள் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, கூடத்திலிருந்த கணவரை அலைபேசியில் கூப்பிட்டாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?"

[அவள் அழுதாள் என்று எழுதி, எடுத்துவிட்டேன். அழுதால் கூடத்துக்குக் கேட்கும்.]

"பக்கத்துலதாங்க இருக்கேன்."

"சீக்கிரம் வாடி. உன்னை மாதிரியே ஒரு அம்மா வந்திருக்காங்க. பாவம், நல்லவங்க, சாப்பாடெல்லாம் போட்டாங்க. எனக்குத்தான் இறங்கல."

அன்றிலிருந்து தினமும் அடுப்படியில் மனைவி. கூடத்தில் யாரோ ஒரு அம்மா.

5.
இன்று மருத்துவர் அடுத்த படி சொல்லியிருக்கிறார். பேசிக்கொண்டே கதவைத் திறந்து அவர் முன்னால் போய் நிற்க வேண்டுமாம். குரல் முகத்தை இழுத்துவந்துவிடலாம்.

"முகம் குரலை இழுத்துட்டுப் போயிட்டா?" என்று என்னிடம் கேட்டாள். "அப்புறம் போன்லயும் 'நீங்க'ன்னுட்டா?"

நான் பதில் சொல்வதற்குள் மருந்து வாங்க அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

6.
முடிவு ஒன்று: "வந்துட்டியாடி!"

முடிவு இரண்டு: "வாங்க." காதிலும் அதே "வாங்க."

எதையும் நான் தேர்ந்தெடுப்பதாக இல்லை. என்னை 'டி' போட்டுக் கூப்பிட்ட கடைசி ஆளும் போயாயிற்று*. நானாக இருந்தால் அந்தக் கதவைத் திறக்கவே மாட்டேன். அதனால் நீங்களே முடியுங்கள். ('நீங்கள்' என்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நமக்குள் இன்னும் அவ்வளவு பழக்கமில்லை.)

அவள் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. அலைபேசி காதில்.

"ஏய், என்னடி சத்தத்தையே காணோம்? இருக்கியா?"

———
* அக்கா. அவள் குரலும் போனில்தான் வரும்.