சிவப்பு வளையம்

ஒருவழியாக வகுப்பு அவள் வயலுக்கே வந்து சேர்ந்தது. வயலுக்குள் மரம் வளர்க்கச் சொல்லிக்கொடுக்கும் மர டீச்சர் முன்னால் நடக்க, பக்கத்து நிலத்துக்காரர்கள் கதையளந்துகொண்டே பின்னால் வந்தார்கள். கொழுந்தன் மட்டும் வரப்போடு நின்றுவிட்டான். அவன் படிக்க வந்தவன் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவன்.

வரிசையாக மரம், நடுவில் பயிர். இதுதான் டீச்சர் சொல்லிக்கொடுக்கும் முறை. கன்றை நெருக்கமாக நட்டால் மரம் நேராக ஓங்கும். வளர்ந்த பிறகு, பயிரைக் கலைத்துவிடுவது போல மரத்தையும் ஒன்றுவிட்டு ஒன்று வெட்டிக் கலைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கீழே வெயில் இறங்காது. நடுகிற வேலையை அவள் கணவர் அமர்க்களமாகச் செய்தார். கலைக்கிற வேலையில் கோட்டை விட்டார். போன பட்டத்தில் பயறு நிழலில் கொடியாக நீண்டு, காய்க்காமல் கையை விரித்துவிட்டது. அதே மழைக்காலத்தில் காய்ச்சல் அவரையும் கொண்டுபோய்விட்டது.

"இந்தத் தடவையும் விளையலேன்னா எல்லா மரத்தையும் வழிச்சு எடுத்துட்டு நானே உழுதுக்கறேன் அண்ணி" என்று கொழுந்தன் சொல்லியாயிற்று. நிலம் அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருந்தது, அவளால் மறுத்துப் பேச முடியவில்லை. பாதி மரத்தை வெட்டினால் மீதி பிழைக்கும். வெட்டாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

அவளுக்கு ஒரே ஒரு தைரியம் இருந்தது. எதை வெட்டுவது என்று அவரே முடிவு செய்துவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு விதைப்புக்கு முன்னாலும் பெயிண்ட் டப்பாவும் கையுமாகக் கிளம்புவார். சாயங்காலம் விரலெல்லாம் சிவப்பாக வந்து, "மார்க் போட்டாச்சு, வெட்டறதுதான் பாக்கி" என்பார். அந்தப் பாக்கி பாக்கியாகவே நிற்கும். போகட்டும், அவர் வளையம் போட்ட மரத்தை வெட்டினால் அது அவரே வெட்டின மாதிரி. அந்தப் பாவம் தன் தலையில் விழாது என்று அவள் நிம்மதியாக இருந்தாள்.

அந்த வளையங்களை அவள் கண்ணால் பார்த்ததில்லை. தையல் கடை வேலை அவளுக்கு, வயல் அவர் பாடு. அதுவும் போக, சோறு போடுகிற நிலத்தில் குச்சி நடுகிறாரே என்று மரம் வந்த நாளில் பெரிய சண்டை. "இனிமே இந்த வயல்ல கால் வச்சா என்னை என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டுப் போனவள், பிடித்த பிடியை அவர் இருந்தவரை விடவில்லை.

முதல் மரத்தில் வளையம் இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதைப் பார்த்துவிட்டு டீச்சர் நின்றார். வரிசை முழுக்க, அடுத்த வரிசையிலும், எல்லா மரத்தின் இடுப்பிலும் சிவப்பு வளையம்.

"மொத்தத்தையும் வெட்டச் சொல்லிட்டாரா மனுஷன்?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

டீச்சர் பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சிலது வெளுத்துப்போயிருந்தது, சிலது புதுசு. "வெட்ட மனசு வந்திருக்காதுக்கா. இந்த வருஷம் இதுக்குப் போட்டுட்டு, அடுத்த வருஷம் இதை விட்டுட்டு பக்கத்து மரத்துக்கு மாத்தியிருக்காரு. பழைய பெயிண்ட் எங்க போகும்?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"பாவி மனுஷா, கடைசியில என் தலையிலயே கட்டிட்டியே" என்றாள் அவள். கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

வரிசையின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "டீச்சர், கோணலும் பிளவுமா இருக்கறதை முதல்ல எடுக்கணும்னீங்களே, அது இதுதான். இதுக்கு மட்டும் வளையமே இல்லை!"

"மறந்திருப்பாரு" என்றார் டீச்சர்.

அவர் மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சண்டை நாளில், "உன் கையால ஒண்ணே ஒண்ணு நட்டுட்டுப் போ" என்று அவர் கெஞ்சியதற்காக, இந்தக் கோடியில்தான் அவள் ஒரு கன்றை வேண்டாவெறுப்பாகக் குழிக்குள் திணித்துவிட்டுப் போனாள். "உன் மரம் கோணிக்கிட்டுத்தான் நிக்குது, உன்னை மாதிரியே" என்று சாப்பிடும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பார். "ஒழிச்சுக்கட்ட வேண்டியதுதானே" என்று இவளும் விடமாட்டாள். ஒரு வருஷம்கூட அதன்மேல் அவர் பெயிண்ட் தொடவில்லை.

அவள் டீச்சரிடம் ரம்பத்தைக் கேட்டு வாங்கினாள். இதை நிற்கவைத்துக்கொண்டு மற்றதில் கைவைக்க அவளால் ஆகாது. இதை விட்டுவைத்தால், நாளைக்கு அவளும் அவரைப் போலப் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

"நான் அறுக்கறேன் அண்ணி." கொழுந்தன் எப்போது வயலுக்குள் இறங்கி வந்தான் என்று தெரியவில்லை.

"வேண்டாம். என் மேல சாயாம பிடிச்சுக்கோ, போதும்."

பழக்கமில்லாத கை. ரம்பம் பலமுறை சிக்கி நின்றது. மரம் சாய்ந்ததும், அது நின்ற இடத்தில் வெயில் விழுந்தது. அவள் ரம்பத்தை டீச்சர் கையில் கொடுத்தாள்.

"மீதியை நீங்களே பாத்து வெட்டுங்க டீச்சர். இனிமே எனக்கு எல்லா மரமும் ஒண்ணுதான்."