ஸ்ரீரங்கம் மழை, துவாக்குடி மழை

2009 அக்டோபரில், எங்கள் இணையச் செய்திக்குழுவுக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். மழைக் கிறுக்கர்களின் குழு அது. தினமும் காலை எட்டரைக்கு அவரவர் வீட்டு மழைமானியைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று இணையத்தில் எழுதுவோம். படம் கிடையாது, வெறும் எழுத்து. நாற்பது பேர் இருந்தோம். பிறகு யாரோ ஃபோரம் என்று புது இணையதளம் ஒன்றைத் தொடங்கினார்கள். மேகப் படம், சிரிக்கும் பொம்மை, ஆளுக்கொரு பட்டம். மொத்தக் கூட்டமும் அங்கே ஓடியது. மழையை அளக்கச் சொன்னால் பொம்மை ஒட்டுகிறவர்களோடு எனக்கென்ன வேலை? நான் போகவில்லை.

மூன்று வருஷமாக எங்கள் ஸ்ரீரங்கத்து மழையை ஒண்டியாக எழுதினேன். ஒரு பதில் இல்லை.

"யாருக்குங்க எழுதுறீங்க? நாலு பேரு இருக்கிற இடத்துக்குத்தான் போங்களேன்" என்றாள் என் மனைவி ராசாத்தி.

"ஒருத்தர் படிச்சா போதும்" என்றேன். அந்த ஒருத்தரும் இல்லை என்பதுதான் வலித்தது.

இதற்கிடையில் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஆறு நாள் கழித்துப் புதிது வந்தது. குழுவைப் படிக்கும் மென்பொருளை மறுபடி போட்டு, கடைசிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். திறந்தால், என் ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே ஒரு பதில் இருந்தது. எல்லாம் சகாயம்மாள் எழுதியவை.

அவர் துவாக்குடியில் டீச்சர். 2005இல் ஊரெல்லாம் கொட்டிய ஒரு நாளில் வெறும் எட்டு மில்லிமீட்டர் என்று எழுதினார். 'மழைமானியை மரத்தடியில் வைத்திருக்கிறீர்களா, பார்க்காமலே எழுதுகிறீர்களா?' என்று நாற்பது பேர் முன்னால் கேட்டேன். அவரும் விடவில்லை. மூன்று நாள் சண்டைக்குப் பிறகு அவரைத் தடைப்பட்டியலில் போட்டேன். போட்டால் அவர் எழுதுவது என் கண்ணுக்கு மட்டும் தெரியாது. போட்டதையே மறந்துபோனேன். அந்தப் பட்டியல் பழைய கம்ப்யூட்டரோடு போயிருந்தது.

நான் தடை போட்ட மறுநாளே எழுதியிருக்கிறார்: 'நல்லதம்பி சார், போய்ப் பார்த்தேன். மேலே வேப்பங்கிளை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. தப்பு என்னுடையது. மழைமானியை மாடிக்கு மாற்றிவிட்டேன்.'

அப்புறம் தினமும் ஒரு வரி. 'ஸ்ரீரங்கம் 14, துவாக்குடி 11.' 'இரண்டு ஊரிலும் பூஜ்யம். காற்று மட்டும்.' நடுவில் ஒரு நாள், 'ஃபோரத்துக்குக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் இங்கே தனியாக இருக்கிறீர்களே என்று போகவில்லை.'

கடைசி வரி நேற்றையது. 'ஆறு நாளாக ஸ்ரீரங்கம் காணோம். உடம்புக்கு ஒன்றுமில்லையே சார்?'

வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

"என்னாச்சுங்க?" என்றாள் ராசாத்தி.

"ஒருத்தங்க படிச்சிருக்காங்க."

மாடிக்குப் போய் மழைமானியைப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன்: 'டீச்சர், உடம்புக்கு ஒன்றுமில்லை. நாலு வருஷமாக நீங்கள் எழுதியதை இன்றைக்குத்தான் படித்தேன். மன்னித்துவிடுங்கள். ஸ்ரீரங்கம் 23. துவாக்குடியில் எவ்வளவு?'