மூத்த பூதத்தின் உரிமை

"உங்கள் கணினி ஏமாற்றுகிறது. ஒழுங்காக நிரல் எழுதக் கற்றுக்கொண்டு வாருங்கள்" என்று போலந்துக்காரர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்ததும் ஒல்ஃபாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. நிரல் முழுக்க அவள் எழுதியது. ஒரு வாரக்கடைசிக்குள் விளையாட்டு ஒன்றைச் செய்து முடித்துவிட வேண்டும் என்கிற போட்டி அது, ஜாம் என்பார்கள். தூங்காமல் கொள்ளாமல் செய்துவிட்டு, பிறகு செய்தவர்களே ஒருவர் விளையாட்டை ஒருவர் ஆடிப்பார்த்து நட்சத்திரமும் கருத்தும் போடுவார்கள். கருத்து என்ற பெயரில் வயிற்றெரிச்சலையும் கொட்டுவார்கள்.

பூதங்களை வரைந்தது அவள் அண்ணன் நிதால். அந்தக் காலத்துக் கையடக்க விளையாட்டுப் பெட்டியில் வருகிற மாதிரி, பச்சையிலேயே நான்கு சாயல்களை வைத்துக்கொண்டு, கட்டம் கட்டமாக, பார்க்கவே சிரிப்பு வருகிற பூதங்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பூதம், அதற்கொரு எண். விதியெல்லாம் துனிசில் தெருவுக்குத் தெரு ஆடுகிற ஷ்கோபா என்ற சீட்டாட்டத்திலிருந்து எடுத்தது. கையில் ஏழு இருந்தால் மேசையில் கிடக்கிற ஏழை விழுங்கலாம். மேசையில் ஏழு இல்லையென்றால் நாலையும் மூன்றையும் சேர்த்து விழுங்கலாம். அதிகம் விழுங்கியவர் ஜெயித்தவர்.

சும்மா ஒரு போட்டியாக இருந்திருந்தால் ஒல்ஃபா துடைத்துப் போட்டிருப்பாள். ஆனால் ஊரிலேயே பேர்பெற்ற விளையாட்டு நிறுவனம் ஒன்று திங்கட்கிழமை அவளை நேர்காணலுக்கு அழைத்திருந்தது. அதற்குள் இந்த விளையாட்டின் இணையப் பக்கத்தைப் பார்த்துவைப்பதாகவும் சொல்லியிருந்தார்கள். கால்சென்டரில் பிரெஞ்சுக்காரர்களிடம் திட்டு வாங்கி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அந்தப் பக்கத்தில்தான் இந்த மனிதர் 'நிரல் எழுதக் கற்றுக்கொள்' என்று எழுதி வைத்திருக்கிறார்.

சீட்டு ஏன் வலமிருந்து இடமாகப் போகிறது என்று ஒருவர் சலித்துக்கொண்டபோதுகூட எங்கள் ஊரில் அப்படித்தான் என்று மரியாதையாகவே பதில் போட்டாள். இதற்கு முடியவில்லை. "கூட்டல் தெரியாதவர்கள் குறை சொல்ல வேண்டாம். இது துனிசில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி" என்று எழுதி அனுப்பிவிட்டாள். நன்றி என்று மட்டும் போட்டிருக்கலாமே என்று நிதால் கெஞ்சினான். அதற்குள் இன்னும் பலர் வந்து, ஆமாம், ஏமாற்றுகிறது என்று வரிசையாக எழுதத் தொடங்கினார்கள். நட்சத்திரங்கள் உதிர்ந்தன.

தன் பக்கம் நியாயம் இருக்கிறதென்று காட்டாமல் அவளால் இருக்க முடியவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கீழே இருக்கிற காப்பிக் கடைக்கு இறங்கினாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆண்கள் ஷ்கோபா ஆடுகிற இடம். விதி சரிதான் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிடலாம். பிறந்ததிலிருந்து அந்த வாசலைத் தாண்டிப் போகிறாளே தவிர உள்ளே ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"வேணாம்டி, அது ஆம்பளைங்க உக்கார்ற எடம்" என்று நிதால் படிக்கட்டு வரை பின்னாலேயே வந்தான். இத்தனை நாள் இல்லாத அக்கறை. தன்னால் அவனுக்கு வெட்கமாக இருக்கிறதோ என்று நினைத்து அவள் இன்னும் வேகமாக இறங்கினாள்.

கடையில் யாரும் தடுக்கவில்லை. நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்கள். மொன்செஃப் என்ற பெரியவர்தான் அங்கே மூத்தவர், சீட்டில் கில்லாடி. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஆட உட்கார்ந்தார். பூதங்களைப் பார்த்து, ஒன்று தன் மைத்துனன் மாதிரியே இருக்கிறதென்றார். மேசையில் ஏழு, நாலு, மூன்று கிடந்தன. கணினி தன் கையிலிருந்த ஏழைப் போட்டு, மேசையில் கிடந்த ஏழை விட்டுவிட்டு, நாலையும் மூன்றையும் விழுங்கியது.

மொன்செஃப் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏழு கண்ணு முன்னாடி கெடக்கு. ஏழு இருந்தா ஏழத்தான் எடுக்கணும். அத விட்டுட்டு ரெண்டு சீட்டா அள்ளுதே, இது யாரு வீட்டு சட்டம்மா?"

மூத்தவருக்கு எதை எடுப்பதென்று தேர்ந்துகொள்கிற உரிமை உண்டே, கணினியின் பூதம் மூத்த பூதம், ஆடுகிறவருடையது குட்டிப் பூதம், அதனால் அப்படி எழுதினேன் என்று ஒல்ஃபா விளக்கினாள். சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"மூத்தவனுக்கா? அப்படி ஒரு விதி இருந்தா இந்தக் கடையில நான் ஒருநாளும் தோத்துக் காப்பிக்குக் காசு குடுத்திருக்க மாட்டேனேம்மா" என்றார் மொன்செஃப். கடையே சிரித்தது. "இத உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

ஒல்ஃபா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே நின்றிருந்த நிதால் தன் செல்போனில் எதையோ மும்முரமாகத் தேடினான். கடையிலிருந்த அத்தனை பேரும் அவனைத்தான் பார்த்தார்கள்.

வீட்டில் சீட்டைத் தொடாத அப்பாவும் அம்மாவும். கடைக்குள் பெண்கள் போவதில்லை. ஒல்ஃபா ஆயுசு முழுக்க ஆடியது இவன் ஒருவனோடுதான். பால்கனி வைத்த அறையை அவன் ஷ்கோபாவில்தான் ஜெயித்தான். அவள் இன்றைக்கும் சமையலறைப் பக்கத்து இருட்டறையில்தான் படுக்கிறாள்.

மாடியேறியதும் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் நீ என்னைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தாய், வேறென்ன செய்வது என்று அவன் சிரித்து மழுப்பினான்.

"சின்ன வயசு போகட்டும். இந்த விதிய எழுதும்போது, மூத்தவங்களுக்கு உரிமை உண்டுதானேன்னு உங்கிட்ட கேட்டேன். ஆமான்ன."

அவன் சிரிப்பு நின்றது. உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது, இவ்வளவு தூரம் வருமென்று யார் கண்டது என்று முணுமுணுத்தான்.

போட்டியின் சட்டப்படி, கருத்துச் சொல்கிற நாட்களில் விளையாட்டைத் திருத்தக் கூடாது. திருத்தியே ஆகவேண்டுமென்றால் எங்கே தவறு நடந்தது என்று விளையாட்டின் பக்கத்தில் எல்லோரும் பார்க்க எழுத வேண்டும். நிதால் பரபரவென்று உட்கார்ந்து, 'நிரலில் ஒரு சிறு பிழை' என்று தட்டினான்.

ஒல்ஃபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை அவர்கள் முதலில் படிக்கப்போகிற வரி அதுதான்.

"அழி. நான் எழுதினதுல பிழை இல்ல. நீ சொன்ன பொய்ய அது ஒரு எழுத்து மாறாம செஞ்சிருக்கு."

'விதியில் ஒரு குழப்பம்' என்று மாற்றினான்.

"யாருக்குக் குழப்பம்?"

நிதால் அதையும் அழித்தான். பிறகு, 'இப்படி ஒரு விதியே கிடையாது. தங்கையை ஏமாற்றுவதற்காக நான் உண்டாக்கியது. நிரல் அவளுடையது, சரியாக இருக்கிறது. பொய் என்னுடையது' என்று எழுதித் தன் பெயரைப் போட்டான். அதற்குக் கீழே ஒல்ஃபா போலந்துக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். நியாயமான மனிதரைப் போய்க் கூட்டல் தெரியாதவர் என்று சொல்ல வைத்துவிட்டானே என்று அதற்கும் சேர்த்து அண்ணன்மேல்தான் கோபம் வந்தது.

விதியைத் திருத்தி ஏற்றியபின், இப்போதாவது சமாதானமா என்று நிதால் கேட்டான்.

அவள் நாற்காலியைத் திருப்பிப்போட்டு அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"மூத்தவங்களுக்குன்னு சொல்லி வேற என்னென்ன விதி எனக்குக் கத்துக்குடுத்திருக்க?"

இல்லை, வேறொன்றும் இல்லை என்று அவன் உடனே சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பாள். அவன் கூரையைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்தான்.