முன்வாசல் படி

திருப்பதியில் டிகிரி விடைத்தாள் திருத்தும் கேம்ப் என்றால், சித்தூர் கிளமென்ட் சார் புதுச் சட்டை எடுத்துவிடுவார். மற்ற லெக்சரர்கள் மெடிக்கல் சர்டிபிகேட்டுக்கு அலையும்போது இவர் முதல் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார். சரித்திரத்தின்மேல் உள்ள பற்று என்பது அவரே கிளப்பிவிட்ட வதந்தி. உண்மைக் காரணம் எதிர் நாற்காலி. அதில் புத்தூரிலிருந்து வரும் லோயிஸ் மேடம் உட்காருவார்.

ஹால் முழுக்கத் தெலுங்கு ஓடும். இவர்கள் இருவர் மட்டும் தமிழ். கட்டைப் பிரம்மச்சாரியான கிளமென்ட், பேச ஆளில்லாமல் வருஷம் முழுக்கச் சேர்த்த தமிழையெல்லாம் அந்த ஒரு வாரத்தில் செலவழித்துவிட்டு ஊர் திரும்புவார். ஆனால் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொன்னதில்லை.

"அடுத்த வருஷம் நான் வரமாட்டேன் சார்" என்றார் லோயிஸ், தாளிலிருந்து கண்ணெடுக்காமல். "ரிடையர் ஆகறேன். பூனாவுக்கு வந்துடுன்னு பொண்ணு கூப்டுக்கினே இருக்கா."

போகாதீர்கள் என்று சொல்லத்தான் கிளமென்ட் வாயைத் திறந்தார்.

"பூனால வெய்யில் கம்மி மேடம்."

பரீட்சையில் எவனாவது இப்படி எழுதியிருந்தால் கூசாமல் முட்டை போட்டிருப்பார்.

லோயிஸ் அடுத்த தாளை எடுத்தார். கிரேக்க, ரோமானியக் கோயில்களை ஒப்பிடுக. காலையிலிருந்து இதே கேள்வி, இதே கைடு பதில்.

"இதக் கேளுங்க சார்" என்று தெலுங்கைத் தமிழாக்கிப் படித்தார். "கிரேக்கக் கோயிலுக்கு நாலு பக்கமும் படி, நாலு பக்கமும் தூண். எப்படி வேணா ஏறலாம். ரோமானியக் கோயில் ஒசந்த மேடை, படி முன்னால மட்டும்தான். பக்கவாட்டுத் தூணெல்லாம் பாதி செவுத்துல புதைஞ்சிருக்கும், சும்மா அழகுக்கு. அதனால அதச் சுத்திச் சுத்தி வர்றவனுக்கு ஒண்ணும் ஆவாது. நேரா முன்னால வரணும்."

"கடைசி வரி கைடுல இல்லியே!"

"இன்னா மார்க் போடலாம்?"

"குடுங்க, பாக்கறேன்."

வாங்கிப் பார்த்தார். மேடை இருந்தது, படி இருந்தது, புதைந்த தூண்களும் இருந்தன. கடைசி வரி தாளிலும் இல்லை.

நிமிர்ந்தார். லோயிஸ் சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் தவறிப்போன மறுவருஷம் புத்தூர் வந்தீங்களே. வீட்டச் சுத்தி இருக்கற தெருவெல்லாம் நடந்தீங்க. பின்னால முருங்க மரத்தாண்ட நின்னு அண்ணாந்து பாத்தீங்க. அப்பறம் பஸ் ஏறிட்டீங்க."

"பாத்தீங்களா?"

"மொட்ட மாடில துணி காயப்போட்டுக்கினு இருந்தேன். எறங்கி வந்து டீக்குத் தண்ணிகூட வெச்சேன்."

இத்தனை வருஷமும் அந்தத் தண்ணீர் எங்கோ கொதித்து வற்றிக்கொண்டிருந்ததாகக் கிளமென்டுக்குத் தோன்றியது. சுவரில் பாதி புதைந்தபடி, தூண்போல நின்று, ஒரு கூரையையும் தாங்காமல் அவர் கழித்த வருஷங்கள்.

"ஞாயித்துக்கெழம, சர்ச் முடிஞ்சு வரட்டுமா?" என்று கேட்டார்.

"வழியனுப்பவா சார்?"

"இல்ல மேடம். போவ வேணாம்னு சொல்ல."

லோயிஸ் அந்தத் தாளைத் திரும்ப வாங்கி, மார்க் போட்டு, கட்டோடு சேர்த்தார். அடுத்ததைப் பிரித்தபடி சொன்னார்:

"காலிங் பெல் ரிப்பேர். கதவத் தட்டுங்க."