முன் சோபாவுக்குத் தெரியாத படம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செப்புக் கம்பி இழுக்கும் கம்பெனி ஒன்றில் ஜெபா துப்புரவு வேலை பார்த்தாள். ஆடி பிறப்பதற்குச் சற்று முன்பு லேபர் காண்ட்ராக்டர் பரசுராமன் அவளைத் திருடி என்று சொல்லி வெளியே அனுப்பினார். ஷிப்ட் விடும் நேரம், கேட்டில் நல்ல கூட்டம். அவள் பையை அவர் கவிழ்த்ததும் கம்பிச் சுருள் ஒன்று விழுந்தது. அவள் வைத்ததல்ல. மேல்கோட்டைக் கழற்றி உதறிக் காட்டச் சொன்னார். உதறினாள். கூட வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செம்பைத் திருடியது யார் என்பது அவள் போனில் இருந்தது. சில நாள் முன்பு கேண்டீன் மாடி ஜன்னலிலிருந்து எடுத்த வீடியோ. பரசுராமன் குடோனிலிருந்து கம்பிக் கட்டுகளைத் தூக்கிவந்து தன் காரில் ஏற்றுகிறார். பயந்துபோய் அதுவரை வெளியே காட்டாமல் இருந்தாள். வேலை போன பிறகு பலரிடம் காட்டினாள். போனில் ஆள் தீக்குச்சி அளவுதான். விரலால் விரித்துப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

“இது யாரா வேணா இருக்கலாமே,” என்றார் செக்யூரிட்டி ஆபீசர். கூடவே வேலை பார்த்த சுமலதாகூட, “ஒண்ணும் தெர்லயே ஜெபா,” என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வேலை திரும்பக் கிடைக்க வேண்டும் என்று ஜெபா நினைக்கவில்லை. கேட்டில் தன்னைப் பார்த்த அதே கண்கள் அந்த ஆளையும் பார்க்க வேண்டும். அது நடக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

அம்மன் கோயில் தீமிதிக்கு எல்.இ.டி. திரை பரசுராமன் உபயம். அந்தத் திரையை வாடகைக்கு விடுபவன் ஜெபாவின் தம்பி அந்தோணி.

“புது பேனலு கிட்ட நின்னு பார்த்தாலும் பளிச்சுனு இருக்கும்ணா,” என்று அவன் சொல்லிப் பார்த்தான்.

“பழசே போதும்டா. பெருசா இருக்கணும், அதான் மேட்டரு,” என்றார் பரசுராமன். தமக்கும் பெரிய மனிதர்களுக்கும் சோபாக்களைத் திரையின் காலடியிலேயே போடச் சொன்னார். போட்டோவில் திரையும் தாமும் சேர்ந்து விழ வேண்டுமாம்.

தன் வீடியோவை அந்தத் திரையில் போடச் சொல்லி அக்கா கேட்டதும் அந்தோணி தயங்கினான். “இதுக்கப்புறம் எவன்கா எனக்கு ஆர்டர் குடுப்பான்?”

“உங்க அக்கா கேட்டுல கோட்ட உதறிக்கினு நின்னப்ப, நீ இன்னா ஆர்டர்டா எடுத்துக்கினு இருந்த?”

அவன் போனை வாங்கிக்கொண்டான். ஆள் திரையை நிறைக்கும்படி வீடியோவை வெட்டி வைத்தான்.

தீமிதி அன்று சாயங்காலம் கரகம் வந்துசேரத் தாமதமானது. அந்த இடைவெளியில் ஜெபாவே பொத்தானை அழுத்தினாள். திரையை ஒட்டிய கம்ப்யூட்டர் மேஜை அருகில் நின்று அண்ணாந்து பார்த்தாள். காரும் இல்லை, ஆளும் இல்லை. வெள்ளையும் சாம்பலுமாக விளக்குப் பொட்டுகள் நெளிந்துகொண்டிருந்தன. போனில் பார்த்ததைவிட மோசம்.

சோபாவில் மாலையோடு இருந்த பரசுராமன் சிரித்தார். “இன்னாடா இது, புள்ளி வெச்ச கோலமா?” பெரிய மனிதர்களும் சிரித்தார்கள்.

ஜெபா அந்தோணியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “கெடுத்துட்டியேடா!”

“பின்னாடி பாருக்கா,” என்றான் அவன்.

கயிற்றுக்கு அப்பால், ரோட்டை ஒட்டி, காண்ட்ராக்ட் ஆட்கள் நின்றிருந்தார்கள். சோபாவும் நாற்காலியும் அவர்களுக்கு இல்லை. கேட்டில் நின்ற அதே முகங்கள். எல்லாரும் திரையையே பார்த்தார்கள். ஐஸ்கிரீம் வண்டிக்காரன்கூட மணியடிப்பதை நிறுத்தியிருந்தான். அவ்வளவு தூரத்தில் பொட்டுகள் ஒன்றோடொன்று கலந்து உருவமாகிவிட்டிருந்தன.

“ஐயே! அது நம்ம பரசு காரு!” சுமலதாவின் குரல்.

“தோள சாச்சிக்கினு நடக்குறத பாரு, அந்தாளேதான்!”

“கம்பிடா! ஜெபா மேல பழி போட்டானே, அந்தக் கம்பி!”

சத்தம் அலையாக முன்னால் வந்தது. தம்மைத்தான் வாழ்த்துகிறார்கள் என்று நினைத்த பரசுராமன் எழுந்து கும்பிட்டார். கூச்சல் இன்னும் ஏறியது. அவர் குழம்பி, “டேய் தம்பி, அப்பிடி இன்னாடா ஓடுது?” என்றார்.

“இங்கேர்ந்து தெரியாதுண்ணா,” என்றான் அந்தோணி மரியாதையாக. “கொஞ்சம் பின்னாடி போய் பாருங்க.”

பரசுராமன் போனார். சோபாக்களையும் நாற்காலிகளையும் தாண்டிக் கயிறுவரை போய்த் திரும்பினார். திரையில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக அவரே கம்பிக் கட்டைக் காருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். மாலையைக் கழற்றப் போன கை பாதியில் நின்றது. அவருக்குப் பின்னால் ஆட்கள் நெருங்கி நின்றார்கள். ஒருவரும் விலகி வழிவிடவில்லை.

வீடியோ முடிந்து திரை கறுத்தது.

“போதுமாக்கா?”

“இன்னொரு தபா போடு,” என்றாள் ஜெபா. “அவரு இப்பதான் படம் தெரியுற எடத்துக்கு வந்துக்கிறாரு.”